ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் மருத்துவமனை மகப்பேறு

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில், ஒன்றுக்கொன்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் அமைந்தவை பஞ்சாலை நகரமான ராஜபாளையமும் ஆண்டாள் கோயில் நகரமான ஸ்ரீவில்லிபுத்தூரும். இரண்டிலும் அரசு மருத்துவமனை உண்டு. தனியார் மருத்துவமனைகள் உண்டு. சுற்றுக் கிராமங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் உண்டு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனைகளில் நடக்கின்றன. வீட்டில் பெறுவதா, ஆஸ்பத்திரியில் பெறுவதா என்ற பழைய வழக்கு இங்கே முடிந்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில், அந்த வேளையில், ரத்தமும் மயக்க மருத்துவரும் அறுவை அரங்கும் ஒருசேரக் கிடைக்குமா என்பதே இன்று தாயின் உயிரைத் தீர்மானிக்கும் கேள்வி.

பேறுகால மரணங்களுக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு. குழந்தை வெளியே வந்ததும் செவிலியர் தாயின் தொடையில் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி போடுகிறார். நஞ்சுக்கொடி விழுந்தபின் அடிவயிற்றில் கை வைத்து, கர்ப்பப்பை பந்துபோல் இறுகுகிறதா என்று பார்க்கிறார். இறுகாவிட்டால் ரத்தம் நிற்காது. அந்த மருந்தும் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்தால்தான் வீரியம் கெடாது. சித்திரை வெயிலில் மேசைமேல் கிடந்த ஊசிமருந்தை நம்ப முடியாது. கடும் ரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடும். ராஜபாளையத்திலிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை சுமார் 85 கிலோமீட்டர். 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்தாலும் அந்தக் கணக்கு இடிக்கிறது. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதால் தூரம் குறைந்தது உண்மைதான். ஆனால் வழியிலேயே மயங்கிவிடும் தாய்க்குக் குறைந்த தூரமும் தூரமே.

இந்த வட்டாரத்தில் பேண்டேஜ் துணிக்குப் பஞ்சமில்லை. பக்கத்துச் சத்திரப்பட்டியின் தறிகளே அதை நெய்து வெளியூர்களுக்கு அனுப்புகின்றன. ரத்தத்தைத் தறியில் நெய்ய முடியாது. 2018 டிசம்பரில் இதே மாவட்டத்தில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகைக்காக ரத்தம் ஏற்றப்பட்ட கர்ப்பிணி ஒருவருக்கு எச்ஐவி தொற்றியது தெரியவந்தது. அந்த ரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்தது. ரத்தம் ஏற்றுவதே ஆபத்து என்று பலர் அன்று பேசினார்கள். பரிசோதனை பிசகக் கூடாது என்பது ஒரு பாடம். ஏற்ற வேண்டிய நிலையே வராமல் பார்ப்பது அதைவிட முக்கியமான பாடம். மேற்சொன்ன ஆய்வில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் 11 கிராம் உள்ளவர் தாங்கும் இழப்பை 7 கிராம் உள்ளவர் தாங்கமாட்டார். அதை ஐந்தாம் மாதத்திலேயே கண்டு, மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்கு இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றுவது கிராம சுகாதார செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலையமும் சேர்ந்து முடிக்கக்கூடிய வேலை.

ரத்தம், மயக்க மருத்துவர், அறுவை அரங்கு மூன்றும் ஒருசேர வேண்டும் என்பதால், அருகருகே இருக்கும் இரு ஊர்களிலும் பாதி வசதியோடு இரண்டு பிரசவ வார்டுகளை நடத்துவதைவிட, ஓரிடத்திலாவது இரவு பகல் பாராமல் முழு வசதியை நிறுத்துவதே பயன் தரும். இதற்கு உடனே ஓர் ஆட்சேபம் எழும்: சேத்தூர், தேவதானம் பக்கத்துப் பெண்ணோ மலையடிவாரப் பளியர் குடியிருப்புப் பெண்ணோ எப்படி அங்கே வந்து சேர்வாள்? நியாயமான கேள்வி. ஆனால் சிக்கலற்ற பிரசவத்தை அங்கே கொண்டுபோகச் சொல்லவில்லை. மூன்று செவிலியர் மாறி மாறிப் பணியாற்றும் சுகாதார நிலையம் அதற்குப் போதும். ரத்தக் கொதிப்பு, இரட்டைக் கரு, முந்தைய சிசேரியன், கடும் ரத்தசோகை உள்ளவர்களைத்தான் வலி எடுப்பதற்கு முன்பே, பகலில், சொல்லி அனுப்ப வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் நம் வழக்கம் இதில் ஒரு முடிச்சு. ஏழு மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்த மருத்துவரைவிட்டு, வளைகாப்பு முடிந்ததும் வேறு ஊர் போகிறாள் பெண். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் பிக்மி எண்ணும் தாய் சேய் நல அட்டையும் அவளோடு போனால்தான் புதிய இடத்தில் பழைய குறிப்பு பேசும்.

சிசேரியனைத் தாராளமாகச் செய்தால் ஆபத்தே குறையுமே என்பது இன்னொரு வாதம். அதே ஆய்வில் தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதமும் அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதமும் சிசேரியன். ஒரு நாட்டில் சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டியபின் தாய்–சேய் மரணம் மேலும் குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது. தேவையுள்ள ஒருத்திக்கு அது உயிர்காக்கும் அறுவைதான், தயங்கவே கூடாது. தேவையில்லாதவருக்குப் போட்ட தழும்பு மட்டும் அடுத்த கர்ப்பத்தில் கணக்குக் கேட்கிறது: நஞ்சுக்கொடி அந்தத் தழும்பின்மேல் ஒட்டி ஊடுருவிவிட்டால் பிரசவத்தின்போது பிரியாது, கர்ப்பப்பையையே எடுக்க நேரலாம், ரத்தம் பல யூனிட் தேவைப்படும்.