மூச்சுக்குழாய் மீளுருவாக்கம்: ஸ்டெம் செல்லும் இரத்த ஓட்டமும்

வளர்ந்தவர்களின் மூச்சுக்குழாய் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளம். 18 முதல் 22 வரையிலான குருத்தெலும்பு வளையங்கள் அது மூடிக்கொள்ளாமல் தாங்குகின்றன. உட்சுவரின் நுண்மயிர்கள் சளியையும் தூசியையும் ஓயாமல் மேலே தள்ளுகின்றன. புற்றுநோயாலோ தழும்பாலோ குழாய் கெட்டுப்போனால் அந்தப் பகுதியை வெட்டியெடுத்து இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பதே நெடுநாளைய வழி. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஹெர்மஸ் கிரில்லோ இந்தச் சிகிச்சையைச் செம்மைப்படுத்தி, பாதி நீளம் வரை அகற்ற முடியும் என்று காட்டினார். அதற்கு மேல் போனால் முனைகள் எட்டா.

அப்படியானால் இறந்தவரின் குழாயை எடுத்துப் பொருத்தலாமே? சிறுநீரகத்துக்கு இருப்பதுபோல் பிரித்து இணைக்கத்தக்க ஒற்றைப் பெரிய தமனி இதற்கு இல்லை. தைராய்டுத் தமனியிலிருந்தும் மூச்சுக்கிளைத் தமனிகளிலிருந்தும் பிரியும் மெல்லிய கிளைகளே இதை ஊட்டுகின்றன. போதாக்குறைக்கு, ஒவ்வொரு மூச்சிலும் கிருமி வந்து படியும் இடம் இது. இரத்தம் எட்டாத திசு இங்கே அழுகாமல் இருப்பது கடினம். அடுத்து வந்த முயற்சிகளை இந்த உண்மையை எதிர்கொண்டவை, ஒதுக்கி வைத்தவை என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஜப்பானில் கொய்ச்சி ஒமோரி குழுவினர் பாலிப்ரோப்பிலீன் வலையில் கொலாஜன் பூசி, குழாய்ச் சுவரின் ஒரு பகுதியை மட்டும் அடைத்த அனுபவத்தை 2005-ல் வெளியிட்டார்கள். சுற்றியிருந்த நல்ல திசுவே உள்ளே படர்ந்தது. அடக்கமான முயற்சி, உலகம் அதிகம் பேசவில்லை.

உலகம் பேசியது பார்சிலோனாவைப் பற்றி. 2008 ஜூனில், காசநோயால் இடது மூச்சுக்கிளை சுருங்கிப்போன 30 வயதுப் பெண்ணுக்குப் பாவ்லோ மக்கியாரினி அறுவை சிகிச்சை செய்தார். இறந்தவர் ஒருவரின் மூச்சுக்குழாயை ஆறு வாரங்களில் 25 முறை கழுவி அதன் செல்களை நீக்கினார்கள். நோயாளியின் எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களிலிருந்து வளர்த்த குருத்தெலும்புச் செல்கள் வெளிப்புறத்திலும், மூச்சுக்கிளையின் மேற்படலச் செல்கள் உட்புறத்திலும் விதைக்கப்பட்டன. நான்கு நாள் உயிரி உலையில் சுழன்றபின் அது பொருத்தப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் ‘தி லான்செட்’ கட்டுரை வந்ததும் நாளிதழ்கள் கொண்டாடின. ஆனால் பொருத்திய இடம் தழும்பேறிச் சுருங்க, ஸ்டென்ட் வைக்க வேண்டியிருந்தது; 2016-ல் அந்த இடது நுரையீரலே அகற்றப்பட்டது.

மனிதரின், சுண்டெலியின் மூச்சுப்பாதைப் படலத்தைப் புதுப்பிக்கும் மூலச் செல்கள் அடித்தளச் செல்களே என்று உயிரியலாளர் பிரிஜிட் ஹோகனின் ஆய்வகம் விரிவாக நிறுவியது 2009-ல். அதாவது, எந்தச் செல் இந்த வேலையைச் செய்கிறது என்ற அடிப்படை அறிவு உறுதிப்படும் முன்பே அறுவை சிகிச்சை நடந்து முடிந்திருந்தது.

அடுத்த படி இன்னும் துணிச்சலானது. 2011 ஜூனில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில், மக்கியாரினி முழுக்கச் செயற்கைப் பிளாஸ்டிக்கால் ஆன குழாயை மஜ்ஜைச் செல்களில் 36 மணி நேரம் ஊறவைத்துப் பொருத்தினார். உயிருள்ள சுவரோ, இரத்த நாளமோ எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குச் செல்கள் பார்த்துக்கொள்ளும் என்பதே மறைமுக விடை. அங்கு இப்படிச் சிகிச்சை பெற்ற மூவரும் இறந்தார்கள். உடன் பணியாற்றிய நான்கு மருத்துவர்கள் 2014-ல் புகார் தந்தார்கள்; நிர்வாகம் முதலில் அவரையே காத்தது. 2016-ல் ஸ்வீடன் தொலைக்காட்சியின் ஆவணப்படம் வந்தபிறகுதான் கரோலின்ஸ்கா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பதவி விலகினார், மக்கியாரினி நீக்கப்பட்டார். 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டுச் சிறை விதித்தது. பிளாஸ்டிக் குழாய் கட்டுரையை ‘லான்செட்’ 2018-லும் பார்சிலோனா கட்டுரையை 2023-லும் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற எடுத்துக்கொண்ட 15 ஆண்டுகளுக்கு இதழும் பதில் சொல்லியாக வேண்டும்.

இரத்த ஓட்டத்தை முதலில் கவனித்தவர்களின் கதை வேறு. பெல்ஜியத்தின் லூவென் நகரில் பியர் டெலேர், தானமாகப் பெற்ற மூச்சுக்குழாயை நோயாளியின் முன்கைத் திசுவில் சுற்றிவைத்தார். அங்கே புதிய நாளங்கள் படர்ந்தபின், முன்கைத் தமனியோடு சேர்த்தே கழுத்துக்கு மாற்றினார். 2010-ல் இது வெளியானது. மக்கியாரினியைத் தொடக்கத்திலேயே கடுமையாக விமர்சித்தவரும் இவரே. 2021 ஜனவரியில் நியூயார்க் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் எரிக் ஜென்டன் குழு, நுண்நாளங்களை நேரடியாக இணைத்து நீண்ட மூச்சுக்குழாயை மாற்றிப் பொருத்தியது. 18 மணி நேர அறுவை. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தும் வேண்டியிருந்தது. ஸ்டெம் செல் என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

வியப்பூட்டும் முடிவு பாரிஸிலிருந்து வந்தது. எமானுவேல் மார்ட்டினோ குழு, உறையவைத்துச் சேமித்த தானப் பெருந்தமனித் துண்டை ஸ்டென்ட் தாங்கலோடு மூச்சுக்குழாயிலும் மூச்சுக்கிளையிலும் பொருத்தி, சுற்றிலும் நோயாளியின் சொந்தத் தசையை வைத்து மூடியது. இதற்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தேவைப்படவில்லை. 2018-ல் வெளியான ஆய்வில் 13 பேருக்கு இந்தப் பொருத்தல் நடந்திருந்தது. தமனித் துண்டுக்குள் மேற்படலம் படர்ந்தது. குருத்தெலும்பும் புதிதாக உருவானது. அதில் யாரும் எந்தச் செல்லையும் விதைத்திருக்கவில்லை.