எவன் வேலை கொடுப்பான்? கிண்டியில் துறைகள் பிறந்த கதை

கவுன்சிலிங் சமயத்தில் தம்பி போன் பண்ணினான். மகள் ப்ளஸ் டூ முடித்து விருப்பப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். கிண்டி பொறியியல் கல்லூரி கிடைக்கிற அளவுக்குக் கட்ஆஃப் இருக்கு. ஆனால் அவள் முதல் இடத்தில் எழுதியிருந்தது ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ். "அப்படி ஒரு டிபார்ட்மென்ட்டாண்ணே? அதைப் படிச்சா எவன் வேலை குடுப்பான்? நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றான். நானும் யோசிக்காமல், "கம்ப்யூட்டர் சயின்ஸை முதல்ல போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டேன்.

போனை வைத்த பிறகு உறுத்தியது. அந்தக் கல்லூரியின் துறைகளைப் பற்றி எப்போதோ எடுத்து வைத்த குறிப்புகள் என்னிடம் இருந்தன. அன்றைக்கு ராத்திரி அவற்றைத் தேடி எடுத்தேன். இந்தக் கட்டுரை அதிலிருந்து வந்ததுதான்.

கதை 1794இல் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் சேர்ந்துகொண்டே போகிறது, ஆனால் அதை அளக்க ஆள் இல்லை. இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் செலவு தாங்காது. கம்பெனியின் வானியலாளரும் நில அளவையாளருமான மைக்கேல் டாப்பிங் ஒரு வழி சொன்னார்: இங்கேயே பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். அப்படித்தான் சென்னையில் நில அளவைப் பள்ளி பிறந்தது. முதலில் சேர்ந்தவர்கள் எட்டுப் பேர். பெரும்பாலும் மதராஸ் ஆண்கள் அநாதை இல்லத்திலிருந்து எடுத்த பிள்ளைகள். ஐரோப்பியச் சிப்பாய்க்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்து, இரண்டு பக்கமும் ஒட்டாமல் நின்றவர்கள். டாப்பிங் 1796இல் இறந்துபோனார். ஆனால் அந்தப் பள்ளியில் படித்த பையன்கள் பின்னாளில் காலின் மெக்கன்சியின் மைசூர் அளவையில் காடுமேடெல்லாம் நடந்தார்கள். வரைபடத்தில் மெக்கன்சியின் பெயர் இருக்கும். நடந்த கால்களின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். அந்தப் பள்ளி அறிவு வளர்க்கத் திறந்ததல்ல. "எங்களுக்கு ஆள் வேணும்" என்று ஒரு முதலாளி கேட்டதால் திறந்தது. அதற்குப் பிறகு வந்த துறைகளையும் இதே கண்ணோடு பார்த்தால் கதை தெளிவாகப் புரிகிறது.

1850களின் கடைசியில் அந்தப் பள்ளி சிவில் பொறியியல் பள்ளியாகி, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியும் ஆயிற்று. அது அணையும் கால்வாயும் சாலையும் போட்டுக்கொண்டிருந்த காலம், கோதாவரியில் ஆர்தர் காட்டனின் அணை முடிந்து சில வருசம்தான் ஆகியிருந்தது. பொதுப்பணித் துறைக்கு ஆள் வேண்டியிருந்தது. 1894இல் மெக்கானிக்கல் வந்தது. ராயபுரத்திலிருந்து முதல் ரயில் 1856லேயே கிளம்பிவிட்டது. அதற்குள் பட்டறைகளும் ஆலைகளும் பெருகியிருந்தன. சேப்பாக்கம் கலசமகாலில் இருந்த கல்லூரி 1920இல் கிண்டியின் சிவப்புக் கட்டடத்துக்கு மாறியது. 1930இல் எலெக்ட்ரிக்கல் துறை வந்தது. பைக்காராவில் நீர்மின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது, 1932இல் மின்சாரம் வந்தது. தொலைத்தொடர்பும் நெடுஞ்சாலைப் பொறியியலும் 1945இல், போர் முடிந்த வருசத்தில் வந்தன.

இதுவரை பார்த்தால் தம்பி கேட்டது சரியான கேள்விதான். கல்லூரியே 'எவன் வேலை கொடுப்பான்' என்று பார்த்துத்தான் துறை திறந்திருக்கிறது. ஆனால் குறிப்பேட்டின் அடுத்த பக்கம் என்னை நிறுத்தியது.

எலெக்ட்ரிக்கல் துறைக்கு 1940இல் ஒரு பெண் வந்தார். அவர் பெயர் லலிதா. பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டில் விதவை, கையில் பச்சைக் குழந்தை. அப்பா பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் பேராசிரியர். முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசி இடம் வாங்கினார். சிவில் படிக்க பி.கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்று இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். பட்டச் சான்றிதழில் ஆணுக்குரிய சொல்லை அச்சடித்தே வைத்திருந்தார்களாம். அதை அடித்துவிட்டுப் பெண்ணுக்குரியதை எழுதிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். அந்தத் துறையைத் திறந்தவர்களின் கணக்கில் லலிதா இல்லவே இல்லை. அவரோ பக்ரா நங்கல் அணையின் மின் வேலைகள் வரை போனார். 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், அறிவியலாளர்களின் முதல் உலக மாநாட்டுக்கும் போய்வந்தார். திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

இன்னொருவர் 1943இல் மெக்கானிக்கல் முடித்த வர்கீஸ் குரியன். அந்தப் படிப்பைத் தொடங்கியவர்கள் எந்திரங்களை நினைத்திருப்பார்கள். இவர் ஆனந்துக்குப் போய் ஊருக்கே பால் கொண்டுவந்தார்.

ஆக, துறையைத் திறப்பவர்களுக்குத் தெரிந்தது அன்றைய தேவை மட்டும்தான். உள்ளே போன பிள்ளை அதை வைத்து என்ன செய்யும் என்பது எந்த அரசாணையிலும் இருந்ததில்லை.

1978இல் கிண்டிக் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. எல்லாம் சேர்ந்து அண்ணா பல்கலைக்கழகம் ஆனபிறகு துறைகள் இன்னும் பெருகின. அதில் ஒன்றுதான் என் தம்பி மகள் எழுதிய ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ். செயற்கைக்கோள் படத்தையும் கணினியையும் வைத்து நிலத்தை அளந்து, படமாக்கி, படிக்கிற படிப்பு. அதாவது அந்த எட்டுப் பையன்கள் 1794இல் படித்த அதே விஷயம்! கல்லூரியிலேயே ரொம்பப் பழைய படிப்பைத்தான் நான் 'புதுசா என்னமோ' என்று ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னதை வாபஸ் வாங்கினேன். "வேலை கட்டாயம் கிடைக்கும்னு நான் சொல்லலைடா. கிடைக்காதுன்னு சொல்றதுக்கு நமக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறேன்" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மகளிடம் போனைக் கொடுத்தான்.

"பெரியப்பா, பட்டியல நேத்தே லாக் பண்ணிட்டேன்" என்றாள் அவள். "முதல்ல என்ன போட்டேன்னு அப்பாகிட்ட இன்னும் சொல்லல."