தூக்குவது ஜாக்கி, தாங்குவது கட்டை

போன ஐப்பசியில் எட்டயபுரம் சாலையோரம் என் பேரனின் கார் பஞ்சராகி நின்றது. மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஜாக்கி வைத்து ஏற்றியவன், அடியில் ஏதோ தொங்குகிறதென்று தலையை உள்ளே விடப் போனான். "எலே, தலைய வெளிய எடு!" என்று கத்திவிட்டேன். அவனுக்குக் கோபம். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வேலையும் கல்யாணமும் கோவில்பட்டியில் கொண்டுவந்து சேர்த்தன. பஸ்கால் விதியைப் பிரெஞ்சில்தான் மனப்பாடம் செய்தோம்: அடைத்து வைத்த திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். பஸ்கால் இறந்தது 1662இல். இதைச் சொன்ன அவர் நூல் அச்சேறியது 1663இல். இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1795இல் இந்த விதியை வைத்து நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் 1851இல் அதைத் தூக்கிப் போகக்கூடிய ஜாக்கியாக்கினார். லாரி ஷெட்டில் நாம் பார்க்கும் பாட்டில் ஜாக்கி அந்த வம்சம்தான்.

பெரிய பிஸ்டனின் பரப்பு சின்னதைப்போல் 20 மடங்கு என்றால் விசையும் 20 மடங்கு. ஆனால் ஏற்றிய பாரத்தை நிறுத்தி வைப்பது கொஞ்சம் எண்ணெயும் ஒரு வாஷரும் ஒரு சின்ன வால்வும்தான். வால்வில் ஒரு தூசி உட்கார்ந்தால் வண்டி இறங்கிவிடும்.

கரிசல்காட்டு வண்டிக்காரர்களுக்கு இந்தச் சூட்சுமம் படிக்காமலே தெரியும். பருத்தி ஏற்றும் மாட்டுவண்டிக்கு மை போடுவதை நான் இங்கு வந்த புதிதில் பார்த்திருக்கிறேன். மாட்டை அவிழ்த்து, எதிர்ச் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஒருவர் கம்பால் நெம்பித் தூக்குவார். இன்னொருவர் அச்சுக்கடியில் கட்டை கொடுப்பார். பாரம் கட்டையில் உட்கார்ந்த பிறகுதான் கடையாணியைக் கழற்றுவார்கள். தூக்குவது ஒன்று, தாங்குவது வேறு.

லாரி வந்த பிறகு அவசரமும் வந்தது. தீப்பெட்டி பண்டலும் பஞ்சுப் பொதியும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கரிசல் மண்ணோ கோடையில் வெடிக்கும், மழையில் குழையும். 3 டன் பாரம் 100 சதுர சென்டிமீட்டர் அடியுள்ள ஜாக்கியில் இறங்கினால், சதுர சென்டிமீட்டருக்கு 30 கிலோ. ஈரக் கரிசல் அதைத் தாங்காது. ஜாக்கி ஒரு பக்கமாகச் சாயும். அடியில் 30க்கு 40 சென்டிமீட்டரில் கனமான பலகை போட்டால் அதே பாரம் இரண்டரை கிலோவாகிவிடும்.

எழுபதுகளின் கடைசியில் என் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. மழை இரவு, சாலையோரம், லாரிக்கடியில் 19 வயது கிளீனர். காரணம் என்ற இடத்தில் "ஜாக்கி சரிந்து" என்று இரண்டே சொற்கள். பலகையும் இல்லை, கட்டையும் இல்லை. 1923ஆம் வருடத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி சம்பளக் கணக்குப் போட்டு எழுதியவன் நான். தாயாரின் கைநாட்டு காயட்டும் என்று தாளைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான். அந்தம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அதன்பின் லாரி ஷெட்டுப் பக்கம் போனால் என் கண் முதலில் அச்சுக்கடியில்தான் போகும். விவரமான மேஸ்திரிகள் பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பாரத்தை அதில் இறக்கியபிறகே பையனை உள்ளே விடுவார்கள். இப்போது இரும்பு ஸ்டாண்டு வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் அதை 'ஷாந்தெல்' என்பார்கள்; மெழுகுவர்த்தி என்று பொருள்.

பேரனிடம் ஸ்டாண்டு இல்லை. சமதளமான தாருக்கு வண்டியை நகர்த்தி, கை பிரேக் போட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஸ்டெப்னியைக் காருக்கடியில் படுக்கப் போடச் சொன்னேன். ஜாக்கி நழுவினாலும் கார் அதன்மேல் உட்காரும். அப்படி வைத்தாலும் அடியில் தலை விடக் கூடாது. சக்கரத்தை மட்டும் மாற்று, தொங்குவதை மெக்கானிக் பார்க்கட்டும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தான். செய்தால் போதும்.