வைஃபை பூட்டுகள் உடைந்த கதை

2008 ஜூலை 26. அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு, செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. தடம் பிடித்துப் போன போலீசார் நவி மும்பையில் ஓர் அடுக்குமாடி வீட்டை அடைந்தார்கள். பாஸ்வேர்டு போடாத அந்த வீட்டு வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தது பிறகு தெரியவந்தது. அடுத்த ஆண்டே, வாடிக்கையாளர்களின் வைஃபையைப் பாதுகாக்கச் சொல்லி இணைய நிறுவனங்களுக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது.

ஆனால், அப்போது பல வீடுகளில் புழங்கிய ‘வெப்’ பூட்டைப் போட்டிருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது.

1997இல் வைஃபைக்கான முதல் தரநிலையோடு பிறந்தது வெப். வலுவான மறையாக்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப அமெரிக்கா அன்று தடை வைத்திருந்ததால், அதன் சாவி 40 பிட்டாகக் குறுகியது. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் சேர்க்கும் எண்ணோ வெறும் 24 பிட். அதாவது சுமார் 1 கோடியே 67 லட்சம் எண்கள். நெரிசலான நெட்வொர்க்கில் சில மணி நேரத்தில் அவை தீர்ந்து, பழைய எண்களே திரும்ப வரும். 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமிர் என்ற மூன்று ஆய்வாளர்கள், ஆர்சி4 என்ற மறையாக்க முறையை வெப் பயன்படுத்திய விதத்தில் இருந்த ஓட்டையை வெளியிட்டார்கள். அதே ஆண்டு, சாவியைத் தானே கண்டுபிடிக்கும் ‘ஏர்ஸ்நார்ட்’ மென்பொருள் இலவசமாகவே கிடைத்தது. 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்களுக்குச் சாவியைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

வெப்புக்குப் பதிலாக 2003இல் வந்த டபிள்யூபிஏ ஓர் அவசர ஒட்டுவேலை. பழைய கருவிகளைத் தூக்கிப்போடாமல் மென்பொருளை மட்டும் மாற்றிச் சமாளிக்க வேண்டியிருந்ததால், ஆர்சி4ஐ அது கைவிடவில்லை. அடுத்த ஆண்டு ஏஇஎஸ் மறையாக்கத்துடன் டபிள்யூபிஏ2 வந்தபோதுதான் பூட்டு உறுதியானது.

அதற்கும் பக்கத்தில் ஒரு சந்து திறந்தார்கள். நீளமான பாஸ்வேர்டை அடிக்கச் சிரமப்படுவோருக்காக வந்தது டபிள்யூபிஎஸ். பல ரவுட்டர்களின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும் 8 இலக்க எண்ணே போதும். 10 கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். ஆனால் முதல் 4 இலக்கங்கள் சரியா தவறா என்று ரவுட்டர் தனியாகவே சொல்லிவிடும். கடைசி இலக்கமோ மற்ற ஏழையும் வைத்துக் கணக்கிடுவது. ஆக, 10,000 + 1,000 முயற்சிகளுக்குள் கதை முடிந்துவிடும். 2011இல் ஆய்வாளர் ஸ்டீஃபன் ஃபீபாக் இதை அம்பலப்படுத்தினார்.

2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3, காற்றில் பிடித்த தரவை வைத்துக்கொண்டு பாஸ்வேர்டை ஆற அமர ஊகிக்கும் வழியை அடைத்தது. 2020 ஜூலை முதல் வைஃபை சான்றிதழ் பெறும் புதிய கருவிகளுக்கு அது கட்டாயம். ஆயினும் பழைய போனும் பிரிண்டரும் இணையவேண்டுமே என்பதற்காக, ‘டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3’ என்ற கலப்பு முறையையும் ரவுட்டர்களில் விட்டுவைத்திருக்கிறார்கள்.