மாதவிடாய் நிறைவில் குடல்–யோனித் தொடர்பு

மாதவிடாய் நிறைவுக்குப் பின் பெண்களுக்கு வரும் யோனி வறட்சி, எரிச்சல், வெள்ளைப்படுதல், அடிக்கடி நீர்க்கடுப்பு ஆகியவற்றுக்கும் குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் உள்ள உறவே குடல்–யோனித் தொடர்பு. கடைசி மாதவிடாய் வந்து 12 மாதம் கழிந்த பிறகே நிறைவு எனக் கொள்வர். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46 வயதையொட்டியும், மேலைநாட்டினருக்கு 51 வயதையொட்டியும் வருகிறது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் கிராமங்களில் இத்தொல்லைகள் பெரும்பாலும் 'உடம்புச் சூடு' என்ற கணக்கில் சேர்ந்துவிடும். மோரும் ஊறவைத்த வெந்தயமும் முதல் மருந்து.

வரலாறும் வகைப்பாடும்

ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் ஆல்பெர்ட் டோடர்லைன் 1892இல் யோனிச் சுரப்பில் கோல் வடிவப் பாக்டீரியம் ஒன்றைக் கண்டார். சுரப்பு புளிப்பாக இருப்பதும் அதனால்தான் என்றார். நெடுங்காலம் அது 'டோடர்லைன் பேசில்லஸ்' என்றே வழங்கியது. 1928இல் ஸ்டான்லி தாமஸ் அதை லாக்டோபேசில்லஸ் அசிடோபிலஸ் என அடையாளம் காட்டினார். பாடநூல்கள் அதைப் பல பத்தாண்டுகள் கேள்வியின்றி ஒப்பித்தன. உண்மையில் அது ஒரே இனம் அன்று. கிரிஸ்பேட்டஸ், ஜென்செனி ஆகியவை 1970இலும், கேசரி 1980இலும், இனர்ஸ் 1999இலும் தனித்தனியே பெயர் பெற்றன. ஜாக் ராவெல் குழுவினர் 2011இல் வட அமெரிக்கப் பெண்கள் 396 பேரை ஆய்ந்து, யோனி நுண்ணுயிர்க் கூட்டத்தை ஐந்து வகையாகப் பிரித்தனர். நான்கில் ஒவ்வொரு லாக்டோபேசில்லஸ் இனம் கோலோச்சுகிறது; எஞ்சிய ஒன்றான, 'நான்காம் வகை' என எண்ணிடப்பட்டதில் அவை குறைந்து, பலவகைப் பாக்டீரியங்கள் கலந்திருக்கும். மாதவிடாய் நின்றவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது இந்த நான்காம் வகை. 2020இல் லாக்டோபேசில்லஸ் பேரினமே உடைக்கப்பட்டு 23 புதிய பேரினங்கள் உருவாயின. கிரிஸ்பேட்டஸ் பழைய பெயரிலேயே தங்க, ஃபெர்மென்டம் என்னும் மற்றோர் இனம் வேறு வீடு போயிற்று.

இயங்கும் முறை

பெண் இயக்குநீரான ஈஸ்ட்ரோஜன் யோனிச் சுவரில் கிளைகோஜன் என்னும் மாவுப்பொருளைச் சேர்க்கிறது. அது சிதைந்து லாக்டோபேசில்லஸுக்கு உணவாகி, லாக்டிக் அமிலமாக மாறுகிறது. அமில–கார அளவு (பி.எச்.) 4.5க்குக் கீழே நிற்பது இதனால்தான். ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் சூலகம் ஓய்ந்தபின் சுவர் மெலியும், கிளைகோஜன் குறையும், பி.எச். அளவு 5ஐத் தாண்டும். சூலகத்தை அறுவையில் எடுத்தவர்களுக்கு இதெல்லாம் திடீரென நேர்கிறது. 2014 முதல் இந்த அறிகுறிகளுக்கு 'மாதவிடாய் நிறைவின் சிறுநீர்–பிறப்புறுப்புக் கூட்டறிகுறி' எனப் பொதுப்பெயர் உண்டு.

குடல் இதில் இரு வழியாக நுழைகிறது. கல்லீரல் வேறொரு பொருளோடு பிணைத்து அனுப்பும் ஈஸ்ட்ரோஜன் பித்தத்துடன் குடலுக்கு வரும்போது, பீட்டா–குளுகுரோனிடேஸ் என்னும் நொதியை உடைய குடல் பாக்டீரியங்கள் அப்பிணைப்பை அவிழ்த்து, ஒரு பகுதியை இரத்தத்துக்கே திருப்புகின்றன. இப்பணி செய்யும் கூட்டத்துக்கு 2011இல் பிளாட்டெல், பிளேசர் இருவரும் 'எஸ்ட்ரோபோலோம்' எனப் பெயரிட்டனர். மற்றது அண்டைவீட்டு உறவு: மலக்குடலே யோனி லாக்டோபேசில்லஸுக்கு நாற்றங்கால். இரண்டிடத்திலும் அவற்றைப் பெற்ற பெண்களுக்கு, யோனி நுண்ணுயிர்ச் சமநிலை கெடும் பாக்டீரிய வெஜினோசிஸ் குறைவு என்று 2005இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நீர்க்கடுப்பைத் தரும் ஈ.கோலியும் அதே குடலிலிருந்துதான் வருகிறது.

ஆயினும் முதற்காரணம் ஈஸ்ட்ரோஜன் குறைவே, குடல் துணைக்காரணம். ராஸ், ஸ்டாம் இருவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்த, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எஸ்ட்ரியால் என்னும் ஈஸ்ட்ரோஜன் களிம்பை யோனியில் இட, ஒரே மாதத்தில் 61 விழுக்காட்டினரிடம் லாக்டோபேசில்லஸ் திரும்பியது. வெற்றுக் களிம்பு இட்டவர்களில் ஒருவரிடமும் திரும்பவில்லை.

வட்டார உணவு

குடலுக்கு உகந்த புளித்த உணவுக்கு ஓர் எடுத்துக்காட்டு கூழ். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் உள்ள விழுப்புரம் மாவட்டத்தில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்ப்பது ஊர்தோறும் உண்டு. கேழ்வரகு மாவைக் கரைத்து இரவெல்லாம் புளிக்கவைத்து, மறுநாள் நொய்யோடு காய்ச்சி ஆறவிடுவர். அதற்கடுத்த நாள் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக் குடிப்பார்கள். இக்கூழில் வெய்ஸெல்லா, ஃபெர்மென்டம் போன்ற லாக்டிக் அமிலப் பாக்டீரியங்கள் கண்டறியப்பட்டுள்ளன. இவை யோனிக்குரிய கிரிஸ்பேட்டஸ் அல்ல. கூழ் குடித்தால் வெள்ளைப்படுதல் நிற்கும் என்பது மிகை. நார்ச்சத்தும் புளித்த உணவும் குடலுக்கு நல்லவை என்ற அளவில் பழைய சோறும் நீராகாரமும் மதிக்கத்தக்கவை.

கிராமப் பெண்களின் நிலை

மருத்துவர்கள் ராணி பாங், அபய் பாங் குழுவினர் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் 650 கிராமப் பெண்களைச் சோதித்து 1989இல் வெளியிட்ட ஆய்வில், 92 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மகளிர் நோய் இருந்தது. அவர்களில் முன்பே சோதனை செய்துகொண்டவர் மிகச் சிலரே. இத்தொல்லைகளுக்கு விழுப்புரம் மாவட்டத்தில், 2010இல் தொடங்கிய முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, திண்டிவனம் அரசு மருத்துவமனை ஆகியவற்றில் சிகிச்சை பெறலாம்.