ஓடுவோரின் ஞாயிறும் தைப்போரின் ஞாயிறும்: கொங்கு வட்டாரத்தில் பெருநகர மாரத்தான் – ஒரு சமூக வரலாற்று நோக்கு

முன்னுரை

பெருநகர மாரத்தான்களின் சமூகப் பயனைப் பேசும் எழுத்துகள் பெரும்பாலும் இரண்டு எண்களோடு நின்றுவிடுகின்றன. எத்தனை பேர் ஓடினர் என்பது ஒன்று; எவ்வளவு நிதி திரண்டது என்பது மற்றொன்று. ஆண்டறிக்கைக்கு இவ்விரண்டும் போதுமானவை, வரலாற்றுக்குப் போதா. ஓட்டம் நிகழும் ஞாயிற்றுக்கிழமைக் காலை எத்தகைய உழைப்பின் மேல் நிற்கிறது, அக்காலை யாருக்கு ஓய்வாகக் கிடைக்கிறது என்பவை கேட்கப்படாமலே உள்ளன. ஓட்டக்காரர் அணியும் பின்னலாடையை உற்பத்தி செய்யும் திருப்பூரும், அதற்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் ஆண்டுதோறும் மாரத்தான் நடத்தும் கோயம்புத்தூரும் ஒரே வட்டாரத்தில் அமைந்திருப்பதால், இவ்வினாவை ஆராயக் கொங்கு மண்டலம் ஏற்ற களமாகிறது.

போட்டி விழாவான வரலாறு

1896ஆம் ஆண்டு ஏதென்சு ஒலிம்பிக்கில் மாரத்தான் ஒரு தடகளப் போட்டியாகவே தொடங்கியது. மறு ஆண்டு பாஸ்டனில் நடந்த முதல் ஓட்டத்தில் புறப்பட்டவர் 15 பேர் மட்டுமே. 1908 இலண்டன் ஒலிம்பிக்கிற்காக வகுக்கப்பட்ட 42.195 கிலோமீட்டர் தொலைவு 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. போட்டி என்னும் நிலையிலிருந்து நகர விழா என்னும் நிலைக்கு அது மாறியது வெகு பிந்தியே. 1970இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவுக்குள் 127 பேர் ஓடத் தொடங்கினர். 55 பேர் முடித்தனர். 1976இல் அவ்வோட்டம் பூங்காவை விட்டு வெளியேறி, நகரின் ஐந்து பெரும்பகுதிகளின் தெருக்களுக்கு வந்தது. 1981இல் தொடங்கிய இலண்டன் மாரத்தான் இதனோடு அறப்பணி நிதி திரட்டலையும் இணைத்தது. தெருவை அடைத்தல், பதிவுக் கட்டணம், பெருநிறுவன ஆதரவு, நற்பணி நிதி ஆகிய நான்கும் சேர்ந்த இந்த வார்ப்பே பின்னர் உலகெங்கும் பரவியது.

இந்தியாவில் 1983இல் தொடங்கிய புணே பன்னாட்டு மாரத்தான் முன்னோடிகளுள் ஒன்று. எனினும் மேற்கூறிய வார்ப்பு இங்கு முழுமையாக வேரூன்றியது 2004இல் மும்பையில்தான். அங்கு முழுத்தொலைவு ஓடுவோரைவிட, ‘ட்ரீம் ரன்’ என்ற பெயரில் சில கிலோமீட்டர் ஓடியும் நடந்தும் செல்வோரே நிகழ்வின் முகமாயினர். தில்லி (2005), பெங்களூரு (2008) ஆகிய நகரங்கள் தொடர்ந்தன. சென்னையிலும் 2008இல் பெருந்திரள் ஓட்டம் நிகழ்ந்தது. 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த கலைஞர் நினைவுப் பன்னாட்டு மாரத்தானில் 70,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றது கின்னஸ் சாதனையாகப் பதிவாயிற்று.

ஓடுவோர் தொகை இவ்வாறு பெருகியது. ஓட்டத்தின் வேகம் அதனோடு சேர்ந்து வளரவில்லை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 11ஆம் இடம் பெற்றவரும் வெறுங்காலுடன் ஓடுவதில் பெயர் பெற்றவருமான சிவநாத் சிங், 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தானை முடித்தார். அந்தத் தேசியச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக முறியடிக்கப்படாமல் நின்றது. ஆகவே பெருநகர மாரத்தானைத் தடகள வரலாற்றின் அடுத்த கட்டமாக வாசிப்பது பொருந்தாது. நகர நடுத்தர வகுப்பின் ஓய்வு நேரம், உடல்நலம் பற்றிய அதன் அச்சம், பொதுநலன் பற்றிய அதன் கற்பனை ஆகியவற்றின் வரலாறாகவே அதை வாசிக்க வேண்டும்.

கோயம்புத்தூர் ஓட்டம்

கோயம்புத்தூர் மாரத்தான் 2013இல் தொடங்கியது. கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளையின் முன்முயற்சியில், புற்றுநோய் விழிப்புணர்வையும் நோயாளிகளுக்கான நிதியையும் நோக்கமாகக் கொண்டு எழுந்த நிகழ்வு இது. தொடக்க ஆண்டுகளில் அக்டோபரிலும் பிற்காலத்தில் டிசம்பரிலும் நடத்தப்பட்டது. 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தானும் 10, 5 கிலோமீட்டர் பிரிவுகளுமே இதன் தூண்கள். மாரத்தான் என்ற பெயருக்கு உரிய 42.195 கிலோமீட்டரை முதன்மைப்படுத்தாமலே ஒரு நிகழ்வு அப்பெயரைத் தாங்கி நிற்பதில் வியப்பில்லை. தமிழ் நாளிதழ்களில் மூன்று கிலோமீட்டர் விழிப்புணர்வு ஓட்டமும் ‘மினி மாரத்தான்’ என்றே அச்சேறுகிறது. தமிழில் இச்சொல் தொலைவைக் குறிப்பதை விட்டு, ஒரே நிற மேலாடை அணிந்த கூட்டம் விடியற்காலையில் சாலையில் செல்வதைக் குறிக்கத் தொடங்கிவிட்டது.

நோயைப் பற்றி உரக்கப் பேசத் தயங்கும் சமூகத்தில், புற்றுநோய் என்ற சொல்லை ஆயிரக்கணக்கானோர் நெஞ்சில் அச்சிட்டு நடுச்சாலையில் சுமந்து சென்றது சிறு மாற்றமன்று. பெண்கள் ஓட்ட உடையில் பொதுச்சாலைக்கு வந்ததும் அவ்வாறே. பாஸ்டனில் பெண்களுக்கு முறையான அனுமதி 1972இல்தான் கிடைத்தது; ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் சேர்க்கப்பட்டது 1984இல். கொங்கு நகரங்களில் தடையாக நின்றது விதி அன்று, பார்வைதான். ஆண்டுக்கு ஒருநாள் ஓட்டத்திற்காகப் பல வாரம் விடியலில் பயிற்சி எடுத்த பெண்கள் அப்பார்வையை ஓரளவு பழக்கப்படுத்தினர். மாரத்தான் விளைவித்த சமூகப் பயன்களுள் இதையே தலையாயதாகக் கொள்ளலாம். நிதிக்கணக்கில் இது இடம்பெறுவதில்லை.

திருப்பூர்ச் சாலைகளின் முன்கதை

இனித் திருப்பூரின் பக்கம் வரலாம். மாரத்தானுக்கு முன்பும் இவ்வட்டார மக்கள் சாலையைக் கூட்டாகக் கைக்கொண்டதுண்டு. சென்னிமலை நெசவாளர் குடும்பத்தில் பிறந்த குமரன், 1932 ஜனவரி 10 அன்று திருப்பூரில் சென்ற ஊர்வலத்தில் கொடியேந்தியபடி தடியடிக்கு ஆளாகி மறுநாள் இறந்தார். 1984இல் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கோரி 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் பின்னர் உற்பத்தி மேலும் சிறு சிறு அலகுகளாகப் பிரிந்து, ஜாப் ஒர்க் முறை வலுப்பெற்றதைத் திருப்பூரை ஆராய்ந்த ஷரத் சாரி போன்றோர் விரிவாகக் காட்டியுள்ளனர். தொழிலாளர் ஒரே கூரையின் கீழ், ஒரே நேரத்தில் வெளிவரும் நிலை குறைந்தது. தெருவில் அவர்கள் திரளாகத் தோன்றும் வாய்ப்பும் அதனோடு சுருங்கியது எனக் கருத இடமுண்டு.

மற்றொரு மரபு பழனிப் பாதயாத்திரை. தைப்பூசத்தை ஒட்டித் திருப்பூரிலிருந்து தாராபுரம் வழியாக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நடப்போர் இன்றும் ஏராளம். இது மாரத்தானின் தொலைவைப் போல இருமடங்கு. வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் உண்டு; மாரத்தான் தடத்தில் சில கிலோமீட்டருக்கு ஒருமுறை அமைக்கப்படும் தண்ணீர் மேசை இதற்கு நெருங்கிய உறவு. வேறுபாடு நுழைவில் உள்ளது. பாதயாத்திரைக்குப் பதிவும் இல்லை, கட்டணமும் இல்லை. பனியன் கம்பெனி முதலாளியும் கைமடி வேலை செய்பவரும் ஒரே பந்தலில் மோர் குடிக்க முடியும். கட்டணமும் எண் அட்டையும் பெற்றவருக்கே உரிய முதல் பெருந்திரள் நடமாட்டம் இவ்வட்டாரத்திற்கு மாரத்தான் வழியாகவே வந்தது.

நாள் அச்சிட்ட ஆடை

திருப்பூர் மாரத்தானுக்குள் நுழைவது ஓட்டக்காரரின் உடல்மேல். 1978க்குப் பின் நேரடி ஏற்றுமதியில் எழுந்து, 2024-25 நிதியாண்டில் 40,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்த இந்நகரின் அடித்தளம் பருத்திப் பின்னல். ஓட்ட ஆடையோ பாலியஸ்டரால் ஆனது. பருத்தி வியர்வையை உறிஞ்சிக் கனத்து உடலோடு உராய்கிறது; நுண்துளைப் பாலியஸ்டர் வியர்வையைப் பரப்பி உலரவிடுகிறது. தாளில் அச்சிட்ட சாயத்தை வெப்பத்தால் துணியில் ஏற்றும் சப்ளிமேஷன் முறையும் பாலியஸ்டரில்தான் செல்லுபடியாகும். செயற்கை இழைக்கு மாறுவது பற்றித் திருப்பூர் ஏற்றுமதியாளர் நடுவே அண்மைக்காலத்தில் நடக்கும் பேச்சுக்கு விளையாட்டு உடைச் சந்தையின் வளர்ச்சி முக்கியக் காரணம். சாயக்கழிவுச் சிக்கலில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதை நேரில் கண்ட நகரம், நிறம் எங்கிருந்து வருகிறது என்பதை மறக்க இயலாது.

இவ்வாடையின் தனித்தன்மை அதில் அச்சாகும் நாள். கடைக்கு அனுப்பும் சாதாரண டீ-சர்ட் ஒரு வாரம் தாமதமானால் விலை குறையலாம், விற்காமல் போகாது. ஓட்டத்தின் பெயரும் ஆண்டும் பொறித்த டீ-சர்ட் குறித்த ஞாயிறு தவறினால் காதர்பேட்டையிலும் எடுபடாது. பங்கேற்போர் தொகை பதிவு முடியும்வரை உறுதியாவதில்லை. அளவு வாரியான எண்ணிக்கை அதற்குப் பின்பே தெரியும். ஆதரவு நிறுவனங்களின் சின்னங்களோ கடைசி நாள்வரை மாறலாம். எனவே ஆர்டர் தாமதமாக வருகிறது, கெடு மட்டும் நகர்வதில்லை. நடுவில் விடுபட்ட நாள்களைக் கட்டிங் மேசையும் ஓவர்லாக், பேட்லாக் இயந்திரங்களும் செக்கிங்கும் சேர்ந்து ஈடுகட்ட வேண்டும்.

ஞாயிறு என்னும் கூலி

திருப்பூரில் ‘ஒன்றரை ஷிப்டு’ என்பது பழகிப்போன சொல். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைவரை நீளும் நாளை அது குறிக்கிறது. வாரக்கூலி சனிக்கிழமை கைக்கு வருகிறது. ஞாயிறு துவைக்கவும் மளிகை வாங்கவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் உறங்கவுமான நாள். அவசர ஏற்றுமதி இருந்தால் அதிலும் பாதி போய்விடும். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோருக்கு நகர வீதிகளை வெறுமனே நடந்து பார்க்கக் கிடைப்பதும் இந்த ஒரு நாளே. விடுதிகளில் தங்கி நூற்பாலைகளில் பணிபுரியும் இளம்பெண்களின் வெளிநடமாட்டம் கட்டுப்படுத்தப்படுவது பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. நடுத்தர வகுப்புப் பெண்ணுக்கு மாரத்தான் திறந்துவிட்ட அதே சாலை, நூல் நூற்ற பெண்ணுக்குக் காவலர் உடன்வரச் செல்லும் சந்தை வழியாகவே எஞ்சுகிறது.

நாள் முழுதும் நின்றே வேலை செய்யும் அயர்னிங் தொழிலாளிக்குக் கால்வலியும், குனிந்தே தைக்கும் டைலருக்கு முதுகுவலியும் அன்றாடம். அமர்ந்த வாழ்க்கையின் கேட்டைப் போக்க ஓடுங்கள் என்னும் மாரத்தான் பரப்புரை இவர்களை நோக்கிப் பேசவில்லை. நிறுவனங்கள் பெருந்தொகையாக இடங்களைப் பதிவு செய்து ஊழியரை ஓட்டத்திற்கு அனுப்பும் வழக்கம் பெருநகரங்களில் உண்டு. அவ்வாறு அனுப்பப்படுவோர் அலுவலகப் பணியாளரா, உற்பத்திக்கூடத்தாரா என்பதை நிறுவன அறிக்கைகளிலிருந்து பிரித்தறிவது கடினம். ‘ஊழியர்’ என்ற ஒரே சொல் இருவரையும் மூடிவிடுகிறது.

மாரத்தானின் சமூக விளைவை ஆராய முனைவோர் பதிவுப் பட்டியலையும் நன்கொடைக் கணக்கையும் மட்டும் கேட்டுப் பெறுவது வழக்கம். டீ-சர்ட்டுக்கான ஆர்டர் எந்த நாளில் வந்தது, எத்தனை அலகுகளுக்குப் பிரிந்து சென்றது, எத்தனை பீஸ் எந்தக் கூலிக்குத் தைக்கப்பட்டது, அந்த வாரத்தில் எத்தனை பேர் இரவு வேலை பார்த்தனர் என்பவற்றுக்கும் ஏடுகள் உண்டு. அவை ஜாப் ஒர்க் அலகுகளின் மேசை இழுப்பறைகளில், பெரும்பாலும் கையால் எழுதிய நோட்டுகளாக இருக்கின்றன; ஓராண்டு கழிந்தால் பழைய தாளோடு எடைக்குப் போகின்றன.