பித்தென்று பெயரிடுமுன்

ஒருவரின் அறிவு தடுமாறக் கண்டால், சாக்கோட்டையாயினும் சென்னையாயினும், வீட்டார் முதலில் கலங்குகின்றனர், பிறகு மறைக்கின்றனர், அதன் பின்னரே காரணம் தேடுகின்றனர். ‘ஜின் பிடித்துவிட்டது’, ‘செய்வினை வைத்துவிட்டார்கள்’, ‘மூளை புரண்டுவிட்டது’ என்னும் மூன்றில் ஒன்றே பெரும்பாலும் விடையாகிறது. உடலில் தோன்றிய நோயொன்று உள்ளத்தின் வழியே முதலில் வெளிப்பட்டிருக்கலாம் என்னும் நான்காவது விடை பலருக்குத் தோன்றுவதில்லை. வரலாறோ அதற்குப் பல சான்றுகளைத் தருகிறது.

மருத்துவமேதை இப்னு சீனா (980-1037) தமது ‘அல்கானூன்’ நூலில் மெலன்கோலியா என்னும் மனநோயைப் பற்றி ஆராய்கிறார். அது ஜின்களால் வருவதென்று மருத்துவர் சிலர் கருதியதையும் குறிப்பிடுகிறார். ஜின்னே காரணமாயினும், உடலில் கரும்பித்தத்தை மிகுவித்தே அது நோயை உண்டாக்கவேண்டும். ஆதலின் மருத்துவன் கவனிக்கவேண்டியது அந்த அண்மைக் காரணத்தையே என்பது அவர் வாதம். கரும்பித்தக் கொள்கை இன்று வழக்கொழிந்தது. உடலை ஆராயாமல் முடிவு கூறலாகாது என்னும் நெறி மட்டும் ஒழியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் மனநோய் விடுதிகளில் தம்மைச் சக்கரவர்த்தி என்றும் கோடீசுவரர் என்றும் கூறிக்கொண்டு, பின்னர் வாதமுற்று மாண்டோர் பலர். 1913-இல் நொகுச்சி, மூர் ஆகிய இருவரும் அத்தகையோரின் மூளையில் சிபிலிஸ் என்னும் மேகநோயின் கிருமியைக் கண்டனர். பித்தென்று கருதப்பட்டது தொற்றுநோயாயிற்று. பின்னாளில் பெனிசிலின் அதற்கு மருந்தாயிற்று.

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி தளர்ந்தாலும் மனம் பிறழக்கூடும். 1949-இல் இலண்டன் மருத்துவர் ரிச்சர்டு ஆஷர் அவ்வாறு சித்தம் கலங்கிய 14 பேரைப் பற்றி எழுதினார். அச்சுரப்பியின் சத்தை மருந்தாகக் கொடுத்தபோது அவர்களுள் பெரும்பாலோர் தெளிந்தனர். இன்று அக்குறையைக் கண்டறிய ஓர் இரத்தப் பரிசோதனை போதும்.

நம் நாட்டுச் சான்றும் உண்டு. தக்காணத்தில் சோளமே உணவாகக் கொண்ட ஏழைகளைப் பெல்லாக்ரா என்னும் நோய் வருத்திற்று. வெயில்படும் தோல் கருகும், வயிறு கழியும், அறிவு மயங்கும். சிலருக்கு உறக்கமின்மையும் மனச்சோர்வும் முந்திக்கொள்ளும். சேலத்தில் பிறந்த சி. கோபாலன், ஐதராபாத்தில் ஸ்ரீகாந்தியாவுடன் இதனை ஆராய்ந்து, சோளத்தில் மிகுந்துள்ள லூசின் என்னும் சத்தே காரணமாகலாம் என 1960-இல் எழுதினார். இந்நோய்க்கு மருந்து நியாசின் என்னும் வைட்டமின். கட்டிப்போட வேண்டியதில்லை, ஊட்டினால் போதும்.

கட்டிப்போட்டதன் கொடுமையை நாம் அண்மையிலேயே கண்டோம். 1985-இல் சிவகங்கை தனி மாவட்டமாகும்வரை சாக்கோட்டையும் ஏர்வாடியும் இராமநாதபுரம் என்னும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. ஏர்வாடி தர்காவை நாடி வந்தோரை வைத்திருந்த தனியார் விடுதியொன்றில் 2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அத்தகைய விடுதிகளை அரசு மூடியது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளிகளைச் சங்கிலியிடுவதை முற்றாகத் தடைசெய்துள்ளது.

மனநோய் அனைத்தும் உடல்நோயே என்று கூறவரவில்லை. மனநோயும் நோயே, அதற்கும் மருத்துவம் உண்டு, அதில் இழிவேதும் இல்லை. ஆயினும் முதலில் உடலைச் சோதிப்பதே முறை. நேற்றுவரை தெளிவாயிருந்த முதியவர் இன்று ஆளறியாமல் பேசினால், சிறுநீர்த் தொற்றோ இரத்தத்தில் உப்புக் குறைவோ இருக்கலாம். நீரிழிவுக்கு மருந்துண்பவர் திடீரெனச் சினந்து உளறினால், சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். அங்கே நாழிகை கடத்துவது உயிருக்கே ஆபத்து. காய்ச்சலோடும் வலிப்போடும் பிதற்றும் இளைஞருக்கு மூளை அழற்சி இருக்கலாம். மகப்பேற்றுக்குப் பின் சோர்ந்து ஒதுங்கும் பெண்ணுக்குத் தைராய்டுக் கோளாறும் இருக்கக்கூடும்.

துஆ கேட்பதை மருத்துவம் தடுப்பதில்லை. மருந்துண்பதை மார்க்கமும் தடுப்பதில்லை. ஓதிப் பார்க்க அழைத்துச் செல்லும் அன்பு, அதே நாளில் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லட்டும். தாயத்தைக் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதற்குள், தீர்க்கக்கூடிய நோய் தீராததாகிவிடக்கூடும்.